திரைக்குக் கீழே நீண்ட கை

அத்தியாயம் 4

பொய் சொல்கிறவனுக்கு வியர்க்கும் என்பது வானொலி நாடகத்துக்குச் சரி. ஊழியர் நலப் பிரிவில் குந்தியிருக்கிறவனுக்கு உண்மை சொல்லும்போதுதான் வியர்க்கும். பத்தொன்பது வருடம் அதே வேலையில் கிடந்து தேய்ந்த ஸுஹைறாவுக்கு இது தெரியும். அதனால், எதிரே இருந்து கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஸாஜிதை அவள் உடனே சந்தேகிக்கவில்லை.

நற்பிட்டிமுனை வீதியில், சிறுபோகம் வெட்டி முடிந்த வயல்களுக்கு நடுவே நின்றது அந்த ஆடைத் தொழிற்சாலை. அறுநூறு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஓய்வு பெற்றால் என்ன, நோயில் விழுந்தால் என்ன, செத்துப்போனால் குடும்பத்துக்கு என்ன என்பதைப் பார்க்க இரண்டே பேர். நுஸ்ஹா பிரசவ லீவில் போய் ஆறு மாதம். மிச்சம் ஸாஜித். இருபத்தொன்பது வயது. சுவரில் அவனுடைய டிப்ளோமா கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஓய்வூதிய, மருத்துவ நலத் திட்ட முகாமைத்துவம். அதற்குக் கீழே அடுத்த பரீட்சையின் நேரசூசி. ஊரில் இந்தத் தொழிலுக்குப் படித்தவன் அவன் ஒருவன்தான். மாப்பிள்ளை கேட்டு வருகிறவர்கள் அவன் என்ன வேலை செய்கிறான் என்று விளங்காமல் திரும்பிப் போனதும் உண்டு.

மேசையில் ஒரே ஒரு படிவம் கிடந்தது.

கலந்தர் என்ற மெக்கானிக் இந்தத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து, நோன்பு பதினைந்தாம் நாள் மாரடைப்பில் மௌத்தாகிப் போனார். திட்டத்தின்படி அவருடைய மனைவி சுபைறாவுக்கு முன்னால், படிவத்தில் கட்டம் கட்டமாக இரண்டு கூடுகள். முதலாவதில் கோடு போட்டால் மொத்தமாக ஒரு தொகை, அதோடு கதை முடிந்தது. இரண்டாவதில் கோடு போட்டால் பத்து வருடத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும். மரணம் நடந்து தொண்ணூறு நாளுக்குள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இரண்டும் இல்லை.

படிவத்தில் முதலாவது கூட்டில் கோடு இருந்தது. கீழே சுபைறாவின் கையொப்பம். தொகையும் அவளுடைய வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது.

ஆவணி மாதம் சுபைறா மூச்சு முட்டி விழுந்தாள். இதய வால்வு பழுது. அரச ஆஸ்பத்திரி வரிசையில் பதினான்கு மாதம் நிற்க வேண்டும், அவளுக்கு அவ்வளவு மாதம் இல்லை என்று வைத்தியர் முகத்துக்கு நேரே சொன்னார். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அடுத்த வியாழன் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்தது. திட்டத்தின் உத்தரவாதக் கடிதம் நாளைக்குள் கிடைத்தால் நாள் நிற்கும். இல்லாவிட்டால் அந்தக் கட்டில் வேறு ஆளுக்கு.

சுபைறா முறைப்பாடு எழுதினாள். 'நான் இரண்டாவது கூட்டில்தான் கோடு போடச் செய்தேன். கந்தோரில் யாரோ மாற்றிவிட்டார்கள்.'

திட்டத்தை நடத்தும் கொழும்புக் கம்பனி ஸுஹைறாவை அனுப்பியது. அவளுடைய பழைய முதலாளிகள். இப்போது கிழக்கில் எங்காவது படிவம் ஒன்று நாறினால் அவளைக் கூப்பிட்டு நாள் கூலி கொடுப்பார்கள்.

"மையில அழிச்ச அடையாளம் இல்ல. கோடும் கையொப்பமும் ஒரே பேனை," என்றாள் ஸுஹைறா. "அப்ப ரெண்டுல ஒண்டு. அவதான் முதலாவது கூட்டுல போட்டிரிக்கணும். இல்லாட்டி நீ இந்தக் கதிரையில இருந்துக்கிட்டு எல்லாத்தையும் நீயே எழுதியிரிக்கணும்."

"அல்லாஹ்ட மேல ஆணையா நான் அவங்கட வீட்டுக்குப் போனன் மிஸ்! ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு மூணாம் நாள். தொண்ணூறு நாள் முடிய இன்னும் மூணு நாள்தான் கிடந்த. அவங்க இத்தாவில வீட்டோட இரிக்காங்க, கந்தோருக்கு வரச் சொல்ல ஏலுமா? நுஸ்ஹா மிஸ்ஸும் லீவு. நானே போனன்."

"போய்?"

"நடுவுல திரையாப் பிடவையொண்டு கட்டியிருந்தாங்க. நான் இஞ்சால கதிரையில இருந்தன். கண்ண நிலத்துல வெச்சிக்கிட்டு ரெண்டு பக்கத்தையும் சத்தமா வாசிச்சன். விளங்கிச்சா எண்டு கேட்டன். உள்ளுக்கால ஓம் எண்டு சத்தம் வந்த. ஃபோமையும் பேனையையும் பிடவைக்குக் கீழால தள்ளினன். ஒரு கை வந்து எடுத்த. கொஞ்ச நேரத்தால திருப்பித் தந்த."

"எந்தக் கூட்டுல கோடு எண்டு பார்த்தியா?"

"கந்தோருக்கு வந்துதான் பார்த்தன்."

கதவோரத்து வாங்கில் யாரும் அழைக்காமலே வந்து குந்தி, கச்சான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்த நல்லரெத்தினம் வாயைத் திறந்தான். கல்முனையில் ஆட்டோ ஓடுகிறவன். ஆறு வருடமாக ஸுஹைறாவின் வாகனமும் அவன்தான், தலையிடியும் அவன்தான்.

"முகத்தப் பார்க்காம கையொப்பம் வாங்கியிருக்காரு தம்பி. நானும் முகத்தப் பார்க்காமத்தான் கலியாணம் கட்டின. முறைப்பாடு எழுத எனக்கு ஆரும் ஃபோம் தரல்ல."

"அண்ணன், கச்சான் கோதை நிலத்துல போடாதீங்க," என்றாள் ஸுஹைறா.

ஸாஜித் சிரிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான். "நான் போகாம எழுதியிருந்தா இது எனக்கு எப்பிடித் தெரியும் மிஸ்? அந்தக் கைய நான் கண்டன். பார்க்கக் கூடாது, ஆனா கண்ணுல பட்டுட்டு. வலக்கை. நகமெல்லாம் சிவக்கச் சிவக்க மருதோண்டி. போகாதவனுக்கு இது தெரியுமா? போய்ப் பாருங்க, கேளுங்க!"

ஸுஹைறா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நகத்துட நுனி மட்டும் சிவப்பா? அடிவரைக்கும் சிவப்பா?"

"அடிவரைக்கும். முழு நகமும்."

"நல்லா ஞாபகமா?"

"ஆணையா மிஸ்."

அவள் படிவத்தைப் புரட்டி, பின்பக்கத்து நிபந்தனைகளில் மூன்றாம் பிரிவை வாசிக்காமலே தாண்டி, பத்தாம் பிரிவை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். பிறகு கோப்பை மூடி எழுந்தாள். ஸாஜிதின் முகத்தில் நிம்மதி வந்திருந்தது. தன்னைக் காப்பாற்றும் சாட்சியைச் சொல்லிவிட்டதாக அவன் நினைத்தான். பாவம்.

*

கல்முனைச் சந்தியில் பஸ்களுக்கிடையே ஆட்டோவை நுழைத்துப் பாண்டிருப்பு தாண்டும் வரை நல்லரெத்தினம் பொறுத்தான். அவனுக்கு அது பெரிய சாதனை.

"பொடியன் உண்மைதான் சொல்றான் போல, என்ன மிஸ்?"

"ஓம். முழு உண்மை. அதுதான் அவனுக்குக் கேடு."

"விளங்கல்ல."

"இத்தா எண்டா என்ன எண்டு தெரியுமா அண்ணன்?"

"மாப்பிள மௌத்தானா பொஞ்சாதி வீட்டுக்குள்ள இருக்கிற. வெளி ஆம்புள பார்க்கக் கூடாது. மருதமுனைக்கு இருவது வருஷமா ஹயர் ஓடுறன், இது தெரியாதா?"

"பாதிதான் தெரியும். நாலு மாசமும் பத்து நாளும் அவ அலங்காரம் ஒண்டும் செய்யக் கூடாது. நகை இல்ல, அத்தர் இல்ல, சுருமா இல்ல." அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "மருதோண்டியும் இல்ல."

ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறியது.

"முன்னம் போட்டது கிடந்திருக்கும் மிஸ். என்ட மனிசி நகத்துல போட்டா மாசக் கணக்குல கிடக்கும். கடன்காரன் போல லேசுல போகாது."

"கிடக்கும். ஆனா நகம் வளருமே. கலந்தர் மௌத்தாகி எண்பத்தேழாம் நாள் இவன் போயிரிக்கான். பழைய மருதோண்டியெண்டா நுனியிலதான் மிச்சமிருக்கும். அடிவரைக்கும் சிவப்பெண்டா அது ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் போட்ட புது மருதோண்டி. பெருநாளுக்குக் கை சிவக்க வெச்சவ இத்தாவில இருக்கிறவ இல்ல."

நல்லரெத்தினம் ஹோர்னை ஒரு தடவை அடித்தான். முன்னால் யாரும் இல்லை. மகிழ்ச்சி வந்தால் அவன் அப்படித்தான்.

"அடடா! அந்தப் பொடியனுக்கு இது ஓடல்லையா? அவரும் உங்கட ஆள்தானே."

"அந்நியப் பொம்புளட விரலக் கண்டதே பாவம் எண்டு பதறினவன். அது யாருட விரல் எண்டு யோசிக்க அவனுக்கு எங்க நேரம்? ஒழுக்கமான பொடியன். வெளியூர்க்காரன் போயிருந்தா திரைய விலத்தி, அடையாள அட்டையக் காட்டுங்க எண்டிருப்பான்."

"இந்தத் திட்டங்களுக்கு ஒழுக்கம் விளங்காது மிஸ். எனக்கும் ஒரு ஓய்வூதியத் திட்டம் இருக்கு. பேரு நிலாந்தினி. துபாய்ல வேலை. மாசம் ஒருக்கா ஃபோன் எடுத்து 'அப்பா சுகமா?' எண்டு கேட்பா. சுகம் எண்டு சொல்லி முடிய முதல் லைன் கட்டாகிடும். அதோட அந்த மாசத் திட்டம் முடிஞ்சு."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

*

மருதமுனையில் அந்த ஒழுங்கைக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் கைத்தறி அடிக்கும் சத்தம். சுபைறாவின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பழைய வீட்டோடு ஒட்டி மகளுக்கென்று கட்டிய புதுப் பகுதி. சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை. ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தார்கள். ஆனால் கூரை மட்டும் புத்தம் புதிய ஓட்டில் சிவந்து நின்றது.

"தலைக்குத் தொப்பி வாங்கிட்டு சாரனுக்குக் காசில்லாத ஆள் போல நிக்கிது," என்றான் நல்லரெத்தினம். "நீங்க உள்ளுக்குப் போங்க மிஸ். நான் இந்தத் தொப்பிட விலைய விசாரிக்கன்."

சுபைறா சாய்மனைக் கதிரையில் கிடந்தாள். நாற்பத்தைந்து வயது. மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. கால்கள் வீங்கியிருந்தன. விரல் நகங்கள் சாம்பல் நிறம்.

"அந்தப் பொடியன்தான் புள்ள... மாத்தியிரிக்கான்... காசு ஏதும்... வாங்கியிரிப்பான்."

"ஆறுதலாக் கதைங்க ராத்தா. எனக்கு ஒரு கேள்விதான். இத்தாவில இரிக்கக்குள்ள மருதோண்டி போட்டீங்களா?"

சுபைறா கதிரையிலிருந்து நிமிர்ந்துவிட்டாள். மூச்சு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "என்ன கேள்வி கா இது! என்ட மனிசன் மௌத்தாகி... நான் மருதோண்டி போட்டு... ஆருக்குக் காட்ட? உம்மா வாப்பா இல்லாதவளா நீ?"

"கோவிக்காதீங்க. அந்த ஃபோம எடுத்த கையில மருதோண்டி இருந்திரிக்கி."

சமையலறை வாசலில் தேத்தண்ணித் தட்டோடு வந்த மகள் அப்படியே நின்றாள். ஸம்றா. இருபத்திரண்டு வயது, மொண்டசூரிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். தட்டைப் பிடித்திருந்த வலது கையின் பெருவிரல் நகம் ஸுஹைறாவின் கண்ணுக்கு நேரே இருந்தது. அடியில் பாதி வெறும் நகம். நுனியில் பாதி மங்கிய செம்மஞ்சள். பெருநாள் போய் மூன்று மாதம் என்று அந்த நகம் நாள்காட்டி போலச் சொல்லிக்கொண்டு நின்றது.

சுபைறா மகளைப் பார்த்தாள். பிறகு ஸுஹைறாவைப் பார்த்தாள். மெல்லச் சாய்ந்துகொண்டாள்.

"அதுவா... அது குத்தமா புள்ள? அந்நிய ஆம்புளைக்கு முன்னால... இத்தாவில இருந்துக்கிட்டு... கைய நீட்ட எனக்கு மனசு வரல்ல. மகள வைக்கச் சொன்னன். என்ட பேரத்தானே வெச்ச. நான் சொன்ன கூட்டுலதானே... கோடு போட்ட."

"எந்தக் கூட்டுல போடச் சொன்னீங்க?"

"ரெண்டாவதுல. மருந்துக் கூட்டுல. அப்பவே எனக்கு... படியேறினா நெஞ்ச அடைக்கிற. மௌத்து வீட்டுல இன்னொரு வருத்தத்தச் சொல்லி... ஏன் புள்ளையப் பயமுறுத்துவான் எண்டு... ஒருத்தருக்கும் சொல்லல்ல."

ஸம்றா தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"கூரைக்கு எந்தக் காசு ராத்தா?"

"அவட வாப்பாட ஈபிஎஃப் வந்த. மகள்தான் பேங்குக்குப் போய் எடுத்த. நான் இத்தாவில... அட்டைய அவட கையில குடுத்திருந்தன்."

ஸுஹைறா தேத்தண்ணியைக் குடித்தாள். சீனி கூடிவிட்டது. கலந்தரின் ஈபிஎஃப் கோரிக்கை கிராம சேவையாளரின் கடிதம் வராமல் ஸாஜிதின் மேசையில் இன்னும் கிடப்பதை அவள் காலையில் கண்டிருந்தாள். அப்படியென்றால் கூரையில் ஏறியது வேறு காசு. அவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

*

வளவின் பின்பக்கத்தில் கிணற்றடியில் ஸம்றா நின்றாள். மேற்கே இருந்து வந்த கச்சான் காற்று மணலை அள்ளி அடித்தது.

நல்லரெத்தினம் வேலிக்கு அப்பால் இருந்து மெல்லிய குரலில் சொன்னான்: "மிஸ், எதிர் வீட்டு மேசன்தான் ஓடு போட்ட ஆள். பெருநாள் முடிஞ்சு ரெண்டு கிழமையில வேலை தொடங்கியிருக்கு. மாப்பிள வீட்டாரு ரெண்டு தரம் வந்து கூரைய அண்ணாந்து பார்த்துட்டுப் போனாங்களாம். பொண்ண ஒரு தரம்தான் பார்த்தாங்களாம்."

"காணும் அண்ணன். ஆட்டோவுல இருங்க."

அவன் போனான். ஸுஹைறா காத்திருந்தாள். இந்தத் தொழில் கற்றுத் தந்தது அது ஒன்றுதான். படிவத்தை நீட்டிவிட்டுப் பேசாமல் இருந்தால் ஆள் தானாகவே நிரப்பும்.

"எனக்குப் பேசின மாப்பிள இஹ்ஸான்ட உம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பின," என்றாள் ஸம்றா. அழவில்லை. அழுதிருந்தால் ஸுஹைறாவுக்கு வேலை இலகுவாக இருந்திருக்கும். "கூரை ஏறாத வீட்டுக்கு மகன எப்பிடி அனுப்புற, வேற இடமும் கேட்டு வருகுதாம். வாப்பா மௌத்தாகி நாப்பது நாள் கூட ஆகல்ல. உம்மாக்கு அத நான் சொல்லல்ல. அண்டைக்கு ஃபோம் கையில வந்த. உம்மா ரெண்டாவது எண்டாங்க. உம்மாக்கு ஒரு வருத்தமும் இல்லையே, பத்து வருஷ மருந்து ஆருக்கு எண்டு நினைச்சன். முதலாவதுல போட்டன்."

"கலியாணக் காவின் எப்ப?"

"வாற மாசம்."

வீட்டுக்கு வீடு ஒரே கதை. மகளுக்கு வீடு கொடுக்க ஒருத்தன் இருபத்திரண்டு வருடம் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுச் செத்தான். அது போதாமல் அவனுடைய மரணத்தையும் ஓடாக மாற்றிக் கூரையில் ஏற்றினார்கள். அதிலும் சுவருக்குப் பூச்சு வரவில்லை. அதைக் கேட்டும் வருவார்கள்.

"கையொப்பம் உம்மாட இல்ல எண்டா அந்த ஃபோம் செல்லாதுதானே?" ஸம்றா அவளுடைய கையைப் பிடித்தாள். "அப்ப மருந்து கிடைக்கும்தானே?"

"செல்லாது. ஆனா செல்லாட்டி தொண்ணூறு நாளுக்குள்ள நீங்க ஒண்டும் தெரிவு செய்யல்ல எண்டுதான் கணக்கு. ரெண்டு கூடும் போகும்."

ஸம்றாவின் பிடி தளர்ந்தது.

"ஒரு வழி இரிக்கி. பத்தாம் பிரிவு. ஃபோம் பிழைச்சது கம்பனி அலுவலர்ட கவனயீனத்தால எண்டா தொண்ணூறு நாளும் புதுசாத் தொடங்கும். உம்மா இண்டைக்கே புது ஃபோம்ல கோடு போடலாம். எடுத்த காச மாசா மாசம் திருப்பிக் கட்டணும், உன்ட சம்பளத்துல. ஆறேழு வருஷம் போகும்."

"கட்டுவன். அலுவலர்ட கவனயீனம் எண்டா..."

"உம்மாட முகத்தையோ அடையாள அட்டையையோ பார்க்காம, பொம்புள ஒருத்தியக் கூட்டிக்கொண்டு வராம, 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார்' எண்டு ஸாஜித் எழுதியிரிக்கான். அது பொய். அவனுக்கே தெரியாத பொய். ஆனா பொய்."

"அவருக்கு என்ன நடக்கும்?"

"வேலை போகும். இந்தத் தொழில்ல ஒருக்கா அப்பிடிப் போனா வேற எந்தத் திட்டத்துலயும் எடுக்க மாட்டாங்க."

ஸம்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே சுபைறா இருமினாள். இருமல் நிற்க நெடுநேரம் எடுத்தது.

"நீ கோட்ட மாத்தினாய் எண்டு நான் எழுதினா அவன் பாதி தப்புவான்," என்றாள் ஸுஹைறா. "குத்தம் குடும்பத்துலதான், கம்பனியில இல்ல எண்டு கம்பனி வக்கீல் சொல்லுவான். பத்தாம் பிரிவு விழும். உம்மாட கட்டிலும் போகும்."

அவள் பையிலிருந்து தாள் ஒன்றை எடுத்துக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்தாள். நாலே வரி எழுதினாள். தாயின் சொல்லுக்கு இணங்க அவருடைய பெயரை நான் கையொப்பமாக இட்டேன், அலுவலர் அடையாளத்தைச் சரிபார்க்கவில்லை. கோட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பேனாவை நீட்டினாள். "இந்த முறை உன்ட பேர வை."

ஸம்றா வைத்தாள். பழகிய கை.

புதுப் படிவத்தில் சுபைறா தானே கோடு போட்டாள். இரண்டாவது கூட்டில், தாள் கிழியுமளவுக்கு அழுத்தி. பிறகு ஸுஹைறாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டு புடிச்சிட்டீங்களா புள்ள? மாத்தினது... அவன்தானே?"

ஸம்றா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். ஸுஹைறா அவளைப் பார்க்கவில்லை.

"கந்தோர்ப் பக்கம் கவனயீனம் ராத்தா. கடிதம் நாளைக்கு வரும்."

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் சுபைறா, மூச்சு வாங்கிக்கொண்டு. "கண்ணுக்குக் கண் பார்த்துக் கதைக்காதவன்... கள்ளன்தான்."

*

"அப்ப நீங்களும் கண்ண நிலத்துல வெச்சிட்டீங்க," என்றான் நல்லரெத்தினம். திரும்பி வரும் வழியில் அவனாகச் சொன்னது அது ஒன்றுதான்.

"வெளியில விசாரிச்ச ஆள் நீங்க. கூரையப் பத்தி நான் அறிக்கையில எழுதல்ல."

"நான் ஆட்டோக்காரன் மிஸ். எனக்குக் கூரையும் தெரியா, கூடும் தெரியா."

தொழிற்சாலை கேற்றில் அஸர் தொழுதுவிட்டு ஸாஜித் வந்தான். முகத்தில் ஈரம் காயவில்லை. அறிக்கையை அனுப்புவதற்கு முதல் அவனிடம் காட்ட வேண்டும் என்று சட்டமில்லை. ஸுஹைறா காட்டினாள். அவன் மதிலோரம் நின்று வாசித்தான். இரண்டாம் தடவையும் வாசித்தான். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் அப்படித்தான் வாசிப்பார்கள்.

"மருதோண்டி," என்றான் கடைசியில். "நானே சொல்லிட்டன்."

"ஓம்."

"நான் தலைய உயர்த்தி அவங்கட முகத்தப் பார்த்திருந்தா என்ன நடந்திரிக்கும் மிஸ்?"

"அவங்கட ஒழுங்கையால உயிரோட வந்திரிக்க மாட்டாய்."

"பார்க்காததால?"

அவன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். மடிப்பு நேராக இருந்தது.

"கடிதம் போகுமா? அவங்களுக்குச் சத்திரசிகிச்சை நடக்குமா?"

"நடக்கும்."

"அப்ப சரி." சரி என்று சொன்ன முகமில்லை அது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு திடீரென்று சத்தம் போட்டான். "எல்லாம் இந்தத் தொண்ணூறு நாளால வந்த வினை! நூத்தம்பது நாள் எண்டு போட்டிருந்தா அவங்க இத்தா முடிஞ்சு கந்தோருக்கே வந்து, என்ட மேசையில இருந்து, தங்கட கையால போட்டிரிப்பாங்க. மூணாம் பிரிவ எழுதினவனுக்கு இத்தா எத்தினை நாள் எண்டு தெரியாதா மிஸ்? கொழும்பு மேசையில ஒருத்தருக்குமா தெரியாது?"

ஆட்டோவுக்குள் நல்லரெத்தினம் கச்சான் கொட்டை உடைப்பதை நிறுத்தினான்.

பதினெட்டு வருடத்துக்கு முன் அந்த மேசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். குளிரூட்டி வேலை செய்தது. தொண்ணூறு நாள் போதும்தானே என்று தலைவர் கேட்டபோது ஏழு பேர் தலையாட்டினார்கள். எட்டாவது ஆளுக்கு வேலை நிரந்தரமாகி ஒரு மாதம்தான். அந்த மேசையில் இருந்த ஒரே கல்முனைக்காரி. விரலை மடித்து நாலு மாதமும் பத்து நாளும் என்று எண்ணிப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துத் திருத்தமான வசனத்தில் எழுதிக் கொடுத்தாள்.

"ஒருத்திக்குத் தெரியும்," என்றாள் ஸுஹைறா. "மூணாம் பிரிவ எழுதினது நான்தான் தம்பி."